விசுக்கோத்து டின்னில் வைத்த பாண்

கித்துள் கருப்பட்டியும் கறுவாப்பட்டையும் கலந்து மணக்கும் ஒரு டின்னைப் பத்து வயதில் நான் தினமும் திறந்து மூடினேன். அந்த டின்னில் நான் செய்த திருட்டினால் என் சித்தி பங்களா வேலையை இழந்து, மழையிலும் பனியிலும் கொழுந்து பறிக்கப் போனார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன பிறகும், எதற்காக நான் குற்றவாளி என்பது எனக்குத் தெளிவாகவில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசைவீடுகளான எங்கள் லயம் இருந்தது. அம்மாவின் தங்கை மரகதம் சித்திக்குச் சிறுவயது முதலே "இழுப்பு". குளிர்காற்று பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் சமைத்துவந்த "அப்பு" வயதாகி ஊருக்குப் போய்விட, குசினியில் கையாளாக இருந்த சித்தியை மூன்று மாதம் பார்த்துவிட்டு அந்த இடத்தில் வைத்துக்கொள்வதாகத் துரையின் மனைவியான துரைசாணி சொல்லியிருந்தார். குசினியில் விசுக்கோத்து சுடும் விறகுப் போறணையின் சூடு சித்தியின் நெஞ்சுக்கு எந்த மருந்தைவிடவும் நல்லது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அந்த வேலை நிலைக்க வேண்டும் என்று அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தார்.

துரைசாணிக்கு மொறுமொறுப்பான விசுக்கோத்து பிடிக்காது. கடித்தால் மெத்தென்று இழுபட வேண்டும், அதுவும் சுட்ட நான்காம் நாளிலும் அப்படியே இருக்க வேண்டும். சித்தி சீனியைக் குறைத்துக் கருப்பட்டியைச் சுரண்டிச் சேர்ப்பார். விளிம்பு சிவந்து, நடு இன்னும் தொய்வாக இருக்கும்போதே தட்டைப் போறணையிலிருந்து இழுத்துவிடுவார். "வெந்துருச்சுன்னு நம்ம கண்ணுக்குத் தெரியறப்ப அது வெந்து முடிஞ்சிருக்கும்" என்பார். முழுக்க ஆறிய பிறகே டின்னில் அடுக்குவார், சூட்டோடு மூடினால் வேர்த்துப் பிசுபிசுக்கும் என்று. மேலே எண்ணெய்த்தாளை விரித்து, அதன்மீது பேக்கரிப் பாணில் ஒரு துண்டு வைப்பார். பாணின் ஈரத்தை விசுக்கோத்து இழுத்துக்கொள்ளும். மறுநாள் பாண் காய்ந்து பலகைத் துண்டு போலாகிவிடும். அதை எடுத்துவிட்டுப் புதிய துண்டு வைக்க வேண்டும்.

அந்தப் பாணை மாற்றுவதுதான் என் வேலை. பள்ளி விட்டதும் குசினியின் பின்வாசலுக்குப் போவேன். சித்தி வெட்டி வைத்திருக்கும் புதிய துண்டை டின்னில் வைத்துவிட்டு, காய்ந்ததைப் பாலில்லாத் தேநீரான சாயத்தண்ணியில் நனைத்துத் தின்னலாம். அது மாவு கிடைக்காத காலம். டவுனில் பாணுக்கு வரிசை. லயத்தில் காலையும் மாலையும் மரவள்ளிக்கிழங்கு, அதுவும் இல்லாத நாளில் கீரையை அவித்த தண்ணீர். பங்களாவுக்கு மட்டும் தபால் எடுக்கப் போகிறவர் பாண் கொண்டுவருவார். மனிதர் தின்னக் கிடைக்காத பாணை விசுக்கோத்துக்கு ஏன் கொடுக்கிறார்கள் என்று அப்போது நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல யார் இருந்தார்கள்?

அந்த ஆடி மாதத்தில் துரைசாணியின் அக்கா குடும்பம் கொழும்பிலிருந்து வருவதாக இருந்தது. சனிக்கிழமை சித்தி சுட்டு அடுக்கினார். விருந்தாளிகள் வருவது புதன்கிழமை. ஞாயிறன்று வழக்கம்போல் டின்னைத் திறந்தேன். ஒரு கையில் காய்ந்த துண்டு, மற்றக் கையில் விரல் பட்டால் அமுங்கும் வெள்ளைப் பாண். காய்ந்ததைத் திரும்ப உள்ளே வைத்து மூடினேன். வெள்ளைப் பாணை விறகுக் கொட்டிலின் பின்னால் நின்று தின்றேன். திங்களும் செவ்வாயும் அதையே செய்தேன். "பாண் மாத்துனியாடா?" என்று அடுப்படியிலிருந்தே சித்தி கேட்டார். "மாத்திட்டேன் சித்தி" என்றேன். ஒருமுறை அவரே மூடியைத் திறந்து பார்த்தார். மேலே ஒரு துண்டு இருந்தது, மூடிவிட்டார்.

புதன்கிழமை விருந்தாளி அம்மா ஒரு விசுக்கோத்தை எடுத்துக் கடித்துப் பார்த்து, பிறகு அதைச் சாசரின் விளிம்பில் தட்டிக் காட்டிச் சிரித்தாராம். துரைசாணி திட்டவில்லை. வெள்ளிக்கிழமை, பண்டாரவளையிலிருந்து வேறு ஆள் வருவதாக மட்டும் சொன்னார். திங்கள் விடியலில் சித்தி கூடையோடு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் மற்றப் பெண்களுடன் வரிசையில் நின்றார். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் அந்த நெஞ்சோடு மலையேறினார்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "ஆடிக் காத்துல எது காயாம இருக்கும்" என்றார் அப்பா. துரைசாணிக்குத் தன் ஆளை வைக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்றார் அம்மா. நான் ஒருநாள் அப்பாவை நம்புவேன், ஒருநாள் அம்மாவை நம்புவேன். படித்து ஆசிரியராகி, பதுளையில் வீடு கட்டி, ஓய்வும் பெற்ற பிறகு மனைவியின் மின்சாரப் போறணையில் நானே சுட்டுப் பார்த்தேன். ஒரு டின்னில் தினமும் புதிய பாண், மற்றதில் காய்ந்த துண்டு. மழை மாதத்தில் இரண்டும் மெத்தென்றே இருந்தன. ஆடியில் காய்ந்த துண்டு வைத்தது இரண்டாம் நாளே கல்லாகியது. ஆனால் புதிய பாண் வைத்ததும் நான்காம் நாள் கொஞ்சம் இறுகத்தான் செய்தது. பதுளைக் காற்று பூனாகலைக் காற்று அல்ல, விறகுச் சூடு மின்சாரச் சூடும் அல்ல. எதை நிரூபிக்கப் பார்க்கிறேன் என்று மனைவி கேட்டாள். எனக்கே தெரியவில்லை.

சென்ற ஆடியில் ஒரு டின் நிறையச் சுட்டு, பாண் துண்டும் வைத்து, பஸ் ஏறிப் போனேன். சித்தி அதே லயத்தில் தனியாக இருக்கிறார். பல் இல்லாததால் விசுக்கோத்தை நாக்கிலேயே கரைத்துத் தின்றார். அப்போது சொன்னேன். "சித்தி, அன்னைக்கு அந்தப் பாண நான்தான் தின்னேன். மூணு நாளும்."

அவர் மடியில் விழுந்த துகள்களைத் தட்டிவிட்டார்.

"பசி. தின்ன. அந்தப் பஞ்சத்துல எந்தப் புள்ள திங்காது" என்றார்.

அத்தோடு விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவர் முடிக்கவில்லை.

"அப்பறம் ஏன்யா காஞ்சத உள்ள வச்சு மூடுன? பாண் இல்லாமக் கெடந்திருந்தா, நான் தெறந்தப்பவே பாத்து வேற துண்டு வச்சிருப்பேனே."

ஐம்பது ஆண்டுகளாக நான் தின்றதற்குத்தான் வருந்திக்கொண்டிருந்தேன். வைத்து மூடியதை ஒருநாளும் நினைத்ததில்லை. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து யாரென்று கேட்டபோது, "எங்கக்கா மகன், பதுளை மாஸ்டரு. என்னைய மலைக்கு ஏத்தி வுட்டவரு" என்றார் சித்தி. அந்தப் பெண் சிரித்தாள். சித்தியும் சிரித்தார், அது இருமலில் முடிந்தது. பதுளைக்கு வந்து எங்களோடு இருக்கச் சொன்னேன். "ஒங்க வூட்டுக்கு வந்து நான் என்னா செய்யப் போறேன்" என்று சொல்லிவிட்டார். திரும்பும் வழியில் பங்களாவைப் பார்த்தேன். சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாகிவிட்டது. குசினி இருந்த இடத்தில் கண்ணாடிச் சுவர். தேநீரோடு பிளாஸ்டிக் உறையில் விசுக்கோத்து கொடுக்கிறார்களாம்.

இரண்டு வாரம் கழித்து, பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வந்த அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சித்தி டின்னைக் கொடுத்தனுப்பியிருந்தார். எங்கள் லயத்தில் ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஒரு பிடி சீனியோ, நாலு பச்சை மிளகாயோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு வெற்றிலையோ போட்டுத்தான் கொடுப்பார்கள். தீர்ந்த உறவு என்றால்தான் சும்மா வரும். திறந்து பார்த்தேன். நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்திருந்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

வயதானவர், மறந்திருப்பார் என்கிறாள் மனைவி. இருக்கலாம். இந்த வெள்ளிக்கிழமை மறுபடியும் சுடப் போகிறேன். கொண்டுபோனால் அவர் வாங்குவாரா என்று தெரியாது.