இல்லாத கட்டுரையும் வெள்ளிக்கிழமை ரொட்டியும்

எஸ்பியர் நகர ஆசிரியர் கல்லூரி நூலகத்தில் டோர்தேவுக்கு ஒரு பெயர் உண்டு. அவள் ஓரிடம் சொன்னால் பொருள் அங்கே இருக்கும். எந்த இதழ், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று தேடும் வழியைப் புது மாணவர்களுக்குச் சலிக்காமல் சொல்லிக்கொடுப்பாள். ஒன்றும் தெரியாமல் வருகிறவனைப் பொறுத்துக்கொள்வாள். படிக்காததைப் படித்தேன் என்கிறவனைக் கண்டால்தான் ஆகாது.

அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் பிளெம்மிங், "நீ சரியாத் தேடலை" என்றான்.

பிளெம்மிங் அங்கே விரிவுரையாளன். மாணவர்கள் எழுதவேண்டிய ஆய்வுக் கட்டுரைக்கு அவன் கொடுத்த வாசிப்புப் பட்டியலில் ஓர் இதழ்க் கட்டுரை மட்டும் யாருக்கும் அகப்படவில்லை. மற்றவர்கள் அதைப் படித்ததாகவே அடிக்குறிப்பில் போட்டுத் தேறிவிட்டார்கள். யானிக் மட்டும் "கிடைக்கவில்லை" என்று உள்ளதை எழுதினான். அவனைப் பெயிலாக்கிவிட்டான் இந்த மகானுபாவன் பிளெம்மிங். யானிக் காற்றாலை வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவன். அவனுக்கு இது மூன்றாவது முறை, நான்காவது கிடையாது. திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து அவன் பெயரை எடுத்துவிடுவார்கள்.

"நானும் படிச்சேன்னு எழுதியிருக்கணும். முட்டாள் நான்" என்று நூலகத்துக்கு வந்து டோர்தேயிடம் புலம்பினான் யானிக்.

"எழுதியிருந்தா உன்னை இந்தப் பக்கமே விட்டிருக்க மாட்டேன். உக்காரு, பார்க்கலாம்."

டோர்தே தேடினாள். இதழ் இருந்தது, ஆண்டும் இருந்தது. ஆனால் அந்தப் பக்கங்களில் பள்ளிக்கூட மதிய உணவைப் பற்றி வேறு யாரோ எழுதியிருந்தார்கள். ஆர்ஹூஸ், ஆஸ்லோ நகர நூலகங்களிலும் விசாரித்தாள். அப்படி ஒரு கட்டுரையை யாரும் எழுதியதே இல்லை. அதைச் சொல்லப் போனபோதுதான் பிளெம்மிங் திரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்காமல் அந்தப் பதிலைச் சொன்னான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வாராவாரம் அன்றைக்கு ஒருவர் ரொட்டி வாங்கிவர, கல்லூரியில் வேலை செய்கிற எல்லாரும் சேர்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடுவார்கள். இந்த வாரம் டோர்தேயின் முறை. மேசையில் வெண்ணெய், சீஸ், காபி எல்லாம் இருந்தன. ரொட்டியைக் காணோம்.

"சொல்லி வெச்சிருக்கேன். துறைமுகத் தெரு, பதினாலாம் நம்பர் பேக்கரி. பிளெம்மிங், சைக்கிள்ல போய் எடுத்துட்டு வந்துடேன்."

டோர்தே சொன்ன இடமாயிற்றே. அவன் கைப்பேசியில்கூடப் பார்க்காமல் மழையில் கிளம்பினான். சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தான்.

"அங்க பேக்கரியே இல்லை. மீன்வலை விக்கிற கடைதான் இருக்கு."

"இருக்கு. நான்தான் சொன்னேனே. நீ சரியாத் தேடலை."

யாரோ சிரித்தார்கள். பிளெம்மிங்குக்கு முகம் சிவந்தது. அது தான் சொன்ன பதில்தான் என்று அவனுக்குப் புரிந்தது.

"பட்டியலை நான் போடலை. கம்ப்யூட்டர்ல ஏஐகிட்ட கேட்டேன், அது குடுத்துச்சு. சரிபார்க்க எனக்கு நேரமில்லை, டோர்தே."

"உனக்கு நேரமில்லேன்னா அவன் படிப்பு போகணுமா? பொய் எழுதினவனெல்லாம் பாஸு, நிஜத்தை எழுதினவன் பெயிலா? நாளைக்கு இவங்கதான் நம்ம புள்ளைங்களுக்குப் பாடம் நடத்தப்போறாங்க."

பிளெம்மிங் நனைந்த மேல்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டான்.

"சரி, தப்புதான். சாப்பிட்டதும் யானிக்கைப் பாஸாக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதறேன்."

"எழுதிட்டு சாப்பிடு."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பிளெம்மிங் எழுதினான். டோர்தே அவன் தோளுக்குப் பின்னால் நின்று கடைசி வரி வரை படித்தாள். கடிதம் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் மேசைக்கடியில் இருந்த பையைத் திறந்து ரொட்டியை வெளியே எடுத்தாள்.