விழுந்ததைப் பிடிக்காத கை

1981 மார்ச் 14, சனிக்கிழமை. ஊர்காவற்றுறை. ஐந்தரைக்கு எழுந்து கிணற்றடியைக் கூட்டினேன். எட்டு மணிக்குச் சந்தையில் ஒரு விளைமீன் வாங்கினேன். பத்தேகாலுக்கு அதை வெட்டும்போது கத்தி வழுக்கியது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். கத்தி குசினிச் சீமெந்துத் தரையில் விழுந்து கணீரென்றது.

அந்த ஓசையில் ஒன்பது வயதுக்குப் போய்விட்டேன். எழுவைதீவிலிருந்து அப்பாவும் சித்தப்பாவும் நானும் வள்ளத்தில் வந்துகொண்டிருந்தோம். அப்பா துடுப்புப் போட்டார். பறவை சுடச் சித்தப்பா கொண்டுவந்த துவக்கு, தோட்டாவோடு விளிம்பில் சாய்ந்திருந்தது. ஓர் அலையில் அது சரிந்தது. வள்ளத்தில் எது சரிந்தாலும் கடல் கொண்டுபோக முன்னர் எட்டிப் பிடிப்பது எங்கள் பழக்கம். நான் பாய்ந்தேன்.

"விடடி!"

அப்பாவின் துடுப்பு என் மணிக்கட்டில் விழுந்தது. துவக்கு பலகையில் மோதி வெடித்தது. அதைப் பிடித்திருந்தால் என் தலை இருந்திருக்கும் இடத்தைத் தாண்டிச் சன்னங்கள் பாய்மரத்தில் புதைந்தன.

இறங்குதுறையில் என்னைத் தூக்கி இறக்கியபடி சித்தப்பா கேட்டார். "என்னண்ணை, பிள்ளையின்ரை கையை முறிச்சுப்போட்டியள்! இனி இவளை ஆர் கட்டுவான்?"

"உயிரோடை இருக்கிறாள். கட்டுறவன் கட்டுவான். நீ முதல்லை உன்ரை துவக்கைக் கட்டி வை."

எலும்பு கோணலாகவே பொருந்தியது. அன்றிலிருந்து அப்பா காலையில் என் முகத்தைப் பார்க்குமுன் மணிக்கட்டைத்தான் பார்ப்பார். "நோகுதோ, பிள்ளை?"

15, ஞாயிறு. முதல் வேலையாக அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். வழக்கம்போலக் கேட்டார்.

"இல்லையப்பா. நேற்றுக் கத்தி விழுந்தது. நான் பிடிக்கேல்லை."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கோப்பையை வாங்கினார்.