கிழக்குச் சுவரும் என் அடுப்பு விறகும்

என் தங்கை ஜினெட் ஜெயித்ததையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலை மூடியபோது அவளுக்கு நாற்பது வயது. சித்தாளாகப் போய்ச் சாந்து குழைத்தாள். ஆண்கள் மட்டுமே ஏறிய சாரத்தில் ஏறி, கொத்துக் கரண்டி பிடித்தாள். வங்கிக்காரர் சிரித்து அனுப்பிய பிறகும், பாரிஸ்காரர்கள்கூட வேண்டாமென்று விட்டுப்போன லா வெர்ன் என்ற இடத்துக் கல்வீட்டைக் கூரையில்லாமல் வாங்கி, தானே செப்பனிடத் தொடங்கினாள். இத்தனையும் என்னை அக்காவாக வைத்துக்கொண்டு செய்தாள். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அந்த வீட்டில் ஒரு சிக்கல். சுற்றிலும் விவசாய நிலம். அங்கே புது வீடு கட்ட அனுமதியில்லை, பழையதைச் செப்பனிடலாம். பழைய வீடு என்று ஒத்துக்கொள்ள நான்கு சுவர்களும் நிற்க வேண்டும். ஒன்று விழுந்தாலும் மேயர் அலுவலகத்துக்கு அது வெறும் கற்குவியல். ஜினெட்டின் கிழக்குச் சுவரோ வயிறு தள்ளி நின்றது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட அடையும் என் கணவரின் ரசமட்டமுமாகப் பார்க்கப் போனேன். ஜினெட் கல் ஏற்றிவர, பக்கத்துப் பண்ணை மர்சியாலோடு டிராக்டரில் போயிருந்தாள். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஜன்னல், படி, நிலை எல்லாவற்றிலும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். எதுவும் நேராக இல்லை. வந்ததும் சொல்ல வேண்டுமென்று மனதில் குறித்துக்கொண்டேன். பிறகு பெருக்கினேன்.

கிழக்குச் சுவரின் அடியில் சில கற்கள் இல்லை. அந்த இடைவெளியில் மரத்துண்டுகள் செருகியிருந்தன. ஒன்று நீளம், ஒன்று குட்டை. நான் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் துடைப்பம் பிடித்தவள். குப்பையை இப்படித் திணித்து வைத்தால் எனக்குக் கண் உறுத்தும். அடையைச் சூடாக்க விறகும் வேண்டியிருந்தது. இரண்டைச் சிரமப்பட்டு உருவி, மூலையிலிருந்த அடுப்பில் வைத்துப் பற்றவைத்தேன். அருமையான காய்ந்த ஓக் மரம். மூன்றாவது வரவில்லை. சுத்தியல் கண்ணில் பட்டது, பக்கவாட்டில் தட்டினேன். தலையில் புழுதி கொட்டியது. எலி ஓடுகிறது என்று நினைத்தேன். செருப்புக்குப் பக்கத்தில் ஒரு கல் விழுந்தபோதும், பெரிய எலி என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் டிராக்டர் வந்தது. ஜினெட் கத்தவில்லை.

"அக்கா, சுத்தியலைக் கீழ வை. மெதுவா. அப்படியே பின்னால வா."

"குப்பையத்தானே பொறுக்கினேன்."

"அது குப்பையில்ல, ஆப்பு. அதுமேலதான் என் வீடு நிக்குது."

மர்சியால் அடுப்புக்குள் எட்டிப் பார்த்தார். "நாங்கல்லாம் வீட்டுக்குள்ள அடுப்பு வைப்போம், லூசெட். நீங்க வீட்டையே அடுப்புல வச்சிட்டீங்க" என்றார்.

அவர் அவசரமாக ஒரு உத்தரத்தால் சுவருக்கு முட்டுக் கொடுத்தார். ஜினெட் கல்லோடு தரையில் படுத்து, அந்த இடைவெளிக்குள் தோள்வரை நுழைந்தாள். நான் குனிந்து அவளைக் கூப்பிட்டேன்.

"விட்டுடு ஜினெட். விழுந்தா விழட்டும். எங்க வீட்டுக்கு வந்துடு."

"உன் வீட்டுல செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நடக்கணும். அதுக்கு நான் இங்கயே கிடக்கிறேன்" என்றது உள்ளேயிருந்து அவள் குரல்.

கற்களுக்கு இடையில் செருகும் சில்லுகளை எடுத்துத் தரச் சொன்னாள். நான் அவற்றைத் தடிமன் வாரியாக அடுக்கி, அவள் கேட்டதைக் கேட்ட நொடியில் நீட்டினேன். வீட்டைக் காப்பாற்றியதில் என் பங்கும் உண்டு என்று கொஞ்சம் நிமிர்ந்துகூட நின்றேன். பிறகு விசாரித்தால், மர்சியாலின் பையிலேயே சில்லு நிறைய இருந்ததாம். "உன் கை சும்மா இருந்தா எனக்குப் பயம்" என்றாள் ஜினெட்.

பொழுது சாயும் நேரத்தில் கடைசிக் கல்லை அடித்து இறுக்கினாள். சுத்தியல் பட்டதும் கல் கணீரென்றது. மூவரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது அசையவில்லை. அடையை ஆறிப்போனபடியே தின்றோம், அடுப்புப் பக்கம் என்னை யாரும் விடவில்லை.

இலையுதிர் காலத்தில் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு முடித்தாள். எங்கள் பக்கத்தில் பூச்சை முடிக்கிறவர்கள், அது காய்வதற்குள் கீழ் மூலையில் பெயரையும் தேதியையும் ஆணியால் கீறிவைப்பார்கள். அதுவரை ஜினெட் பூசிய சுவர்களிலெல்லாம் முதலாளிகளின் பெயர்தான் இருக்கிறது. அன்று அவள் மண்டியிட்டு, ஆணியைத் துடைத்து, தன் பெயரைக் கீறினாள். எழுத்துகள் கோணலாக மேலே ஏறிக்கொண்டே போயின. நான் வாயைத் திறக்கவில்லை. ஜினெட் லகோர், 11 அக்டோபர் 1997.