கடலையும் சேர்த்து எழுதிய உத்தரவு

செய்தி வந்தபோது காலை பதினொரு மணி. வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்திருந்தேன். அத்தை மகள் ஷர்மிளா அழைத்தாள்.

"அக்கா, அம்மா போயிட்டாங்க. மீன் வித்துட்டு வந்து சாஞ்சாங்க, எந்திரிக்கலை." கூடவே, "நம்ம வீட்லதான்க்கா" என்றாள்.

அதை ஏன் தனியாகச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

வடிவாம்பாள் என் அப்பாவின் தங்கை. கடலோரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். விடிகாலையில் கரையில் மீன் எடுத்து, காரைக்கால் தெருக்களிலும் தருமபுரத்திலும் விற்றுவிட்டு வருவாள். அவள் கணவர் முருகானந்தம் பைபர் படகு வைத்திருந்தார். கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வந்தால் ஊரே வானத்தைப் பார்க்கும். அத்தை மட்டும் அவர் முகத்தைப் பார்ப்பாள். கரையில் சும்மா இருக்கும் நாட்களில்தான் அவர் குடிப்பார், அடிப்பார்.

ஊர்ப் பஞ்சாயத்து கூடும். அவர் மன்னிப்புக் கேட்பார். அபராதம் கோயிலுக்குப் போகும், அத்தை அடுப்படிக்குப் போவாள். ஊரைக் கேட்காமல் போலீசுக்கோ கோர்ட்டுக்கோ போகக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. ஆனால் அத்தையைத் தடுத்தது அது மட்டுமில்லை. வீடு அவர் பேரில் இருந்தது. புகார் கொடுத்தால் வெளியே போக வேண்டியவள் தான்தான் என்று அவள் நம்பினாள். பள்ளிக்கூடம் போகும் பெண்ணோடு வேறெங்கே போவது?

அவள் தினமும் மீன் கொடுக்கும் வீடுகளில் ஒன்று நபீசாம்மாவுடையது. மணிக்கட்டில் கட்டோடு ஒருநாள் போய் நின்றபோது நபீசாம்மா கேட்டாராம்:

"போன மாசமும் வழுக்கி விழுந்தேன்னே, இப்பவும் வழுக்கி விழுந்தேங்குறே. வீட்ல தரை போட்டிருக்கியா, பாசி வளக்கிறியா?"

அத்தை சிரித்துவிட்டு அழுதாள்.

"கேஸ் குடுத்தா வீட்டை விட்டுத் தொரத்திடுவாங்கம்மா."

"யாரு சொன்னா? எங்க மச்சி மவ இப்புடித்தான் ஜெயிச்சா. வீடு யாரு பேருல இருந்தா என்ன, நீ குடும்பம் நடத்துன வீடு. அதுலேர்ந்து உன்னைக் கெளப்ப முடியாதுன்னு சட்டம் இருக்கு புள்ள. மீனை அங்க வெச்சிட்டு வா, ஆட்டோ புடிக்கிறேன்."

வீட்டில் அடிபடும் பெண்களுக்காக அரசாங்கத்தில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பதே அன்றைக்குத்தான் அத்தைக்குத் தெரிந்தது. அவர் எழுதிக்கொண்டார், இலவச சட்ட உதவியில் வக்கீல் வந்தார். நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது: அவளை அடிக்கக் கூடாது, வெளியேற்றக் கூடாது, அந்த வீட்டுக்குள்ளும் தெருவுக்குள்ளும் அவர் வரவே கூடாது. மீறினால் சிறை. முருகானந்தம் துணிகளை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார்.

ஒரு வாரம் அமைதியாகக் கழிந்தது. பிறகு ஒரு மத்தியானம் அவர் கடல் வழியாக வந்தார். வீட்டுக்கு நேர் எதிரே கரையில் படகை ஏற்றி, அதன் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு இரைந்தார்.

"தெருவுல கால் வெச்சேனா? யாராச்சும் பாத்தீங்களா? கோர்ட்டு தெருவைத்தான் சொல்லுச்சு. கடலைச் சொல்லலை. இங்க உக்காந்து நாலு வார்த்தை கேக்காம போவ மாட்டேன்."

வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாளும் வந்தார். அத்தை கடல் பக்கத்துக் கதவைத் திறப்பதையே விட்டாள். ஷர்மிளா புத்தகங்களோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்படியே போனால் அத்தை தானாகவே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். கிட்டத்தட்ட அதுதான் நடக்க இருந்தது. பையில் துணி அடுக்கியதை நானே பார்த்தேன்.

கிளம்புவதற்கு முன் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று, மறுநாள் அந்தப் பையோடுதான் அத்தை நீதிமன்றத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். நீதிபதி ஒரு பெண்.

"தெருவுன்னு எழுதியிருக்கே. அப்புறம் எப்படி வந்தார்?" என்று கேட்டார்.

"அம்மா, உங்களுக்குத் தெருவுதான் வாசல். எங்களுக்குக் கடல்தான் வாசலு. தெரு கொல்லப்பக்கம்."

நீதிபதி சிரிக்கவில்லை. வீட்டைச் சுற்றி என்னென்ன இருக்கிறது, படகை எங்கே ஏற்றுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். திருத்திய உத்தரவில் கரையும் வந்தது, வீட்டுக்கு எதிரே படகு ஏற்றும் இடமும் வந்தது, கண்ணில் படும்படி நின்று பேசுவதும் வந்தது.

அந்த நகலை அத்தை நேரே ஊர்ப் பஞ்சாயத்துக்கு எடுத்துப் போனாள். எந்தப் படகு எங்கே ஏறலாம் என்பது அவர்கள் சொல்வதுதான். தலைவர் முத்தையன் நகலைத் தொடவில்லை.

"ஊரைக் கேக்காம கோர்ட்டுக்குப் போனே. இப்ப ஊர்கிட்ட வந்து நிக்கிறே."

"கோர்ட்டுல எழுதத்தான் முடியும் பெரியப்பா. கரை உங்க பேச்சைத்தானே கேக்கும்."

"இந்த வாய்க்கு வக்கீலு எதுக்கு வெச்சே?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"காசு இல்லாம குடுத்தாங்க சித்தப்பா. நீங்களும் ஒண்ணு வெச்சுக்குங்க."

சிரிப்பு எழுந்தது. முத்தையன் சிரிக்காமல் நகலை வாங்கிப் படித்தார். கோர்ட்டுக்குப் போனதற்கு அத்தைக்கு அபராதம் போடவேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அதைப் பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் பிறகு கடைசிவரை வரவில்லை. முருகானந்தத்தின் படகு இனி வடகோடியில்தான் ஏற வேண்டும் என்று அன்று சாயங்காலமே சொல்லி அனுப்பினார்.

மழைக்காலத்தில் ஒருமுறை முருகானந்தம் மீறிப் பார்த்தார். வலை பின்னுகிறவர்களே எழுந்து படகைத் திரும்பத் தண்ணீருக்குள் தள்ளினார்கள். போலீசுக்குப் போன் செய்தது முத்தையன். அதன் பிறகு அவர் வரவில்லை. ஷர்மிளா வீடு திரும்பினாள், அங்கிருந்தே நர்சிங் படித்தாள்.

பின்னாளில் மற்றப் பெண்கள் அத்தையைத் தேடி வந்தார்கள். "புருசன் வூடும்மா" என்று தயங்கியவர்களை, மீன் விற்று முடித்த கையோடு அவளே பாதுகாப்பு அலுவலரிடம் அழைத்துப் போவாள். "எத்தனை வாசலுன்னு மொதல்லயே சொல்லிப்புடு" என்பாள்.

இன்று அந்த வீட்டிலிருந்துதான் அவளை எடுத்தோம், கடல் பக்கமாக. உட்கார்ந்து காற்று வாங்குவதற்கென்று போன மாதம் அங்கே படி கட்டத் தொடங்கியிருந்தாள். கொத்தனாரோடு தானும் சிமெண்ட் குழைத்தாளாம். கடைசிப் படிக்கு மட்டும் இன்னும் பூச்சு பூசவில்லை.