ஆளை எழுப்பத் தெரியாத கார்

அன்றைக்கு ஷிஃப்ட் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஆம்புலன்சின் முன்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். அழைப்பு வந்தது. எல்லர்ஸ்லி என்ற புறநகருக்குப் பக்கத்தில் மோட்டார்வேயின் நடுப்பாதையில் ஒரு கார் நிற்கிறது, ஓட்டுநர் அசையவில்லை, எதிலும் மோதவும் இல்லை. என்னோடு வேலை செய்கிற சமோவாப் பெண் பெருமூச்சு விட்டுக்கொண்டே சைரனைப் போட்டாள். அந்த வாரம் முழுக்க ஒருவரோடொருவர் பேசக்கூடத் தெம்பில்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தோம்.

மழை தூறிக்கொண்டிருந்தது. போலீஸ் வண்டி பின்னால் குறுக்கே நின்று மற்றக் கார்களை மறித்திருந்தது. தீயணைப்பு வண்டி எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. நின்றது மின்சாரக் கார், பெருஞ்சாலையில் தானாகவே ஓடும் வகை. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தொடாமலே இருந்தால் எச்சரிக்கும். அதற்கும் அசையாவிட்டால் வேகத்தைக் குறைத்து, விளக்குகளைச் சிமிட்டியபடி, இருக்கிற பாதையிலேயே நின்றுவிடும். அதுவரை சரியாகத்தான் செய்திருந்தது.

கைப்பிடிகள் கதவுக்குள் அமிழ்ந்திருந்தன. அழுத்தினால் வெளியே வரவேண்டும், வரவில்லை. கண்ணாடி வழியே பார்த்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள், பார்த்தால் எங்களவர் மாதிரி. தலை தொங்கியிருந்தது. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. மூச்சு இருந்தது.

“இது ஆஃப் ஆகிவிட்டதா?” என்று தீயணைப்பு வீரரிடம் கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்? நிற்கிறதா, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கிறதா, சத்தத்தை வைத்துக்கூடச் சொல்ல முடியாது” என்று சொல்லிக்கொண்டே சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார்.

அவர் அடித்துப் பார்த்தும் முன் கண்ணாடிகள் உடையவே இல்லை. இரண்டு அடுக்குக் கண்ணாடியாம். பின்பக்கத்துக் கண்ணாடி ஒன்றுதான் நொறுங்கியது. கையை விட்டுத் திறக்கப் பார்த்தால் பின்கதவில் உள்ளிருந்து திறக்கவிடாத குழந்தைப் பூட்டு. பெரிய உடுப்பும் ஹெல்மெட்டுமாக அவரால் நுழைய முடியாது. மற்றவர்களில் ஒல்லியான ஆள் நான்தான். ஒரு தடித்த துணியை விரித்துவிட்டு என்னைத் தூக்கி உள்ளே விட்டார்கள்.

உள்ளே ஒரு பெண் குரல் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்படி ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டுக்கொண்டேயிருந்தது. அந்தப் பணிவுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்தக் கார் இப்போது கிளம்பினால் என்ன செய்வேன்? வெளியே தீயணைப்பு வீரர் தன் போனில் இந்த மாடலைத் தேடிப்பிடித்து, அது நகராமலிருக்க எதை அழுத்தவேண்டுமென்று கத்தினார். இருக்கைகளுக்கிடையே எட்டி அதை அழுத்தினேன். குரல் நின்றது. முன்கதவின் உள்பொத்தானையும் அழுத்தினேன். கதவு திறந்தது, மழை உள்ளே வந்தது.

விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. என் கூட்டாளி ஊசி ஏற்றத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்துக் காரின் திரையில் அழைப்பு வந்தது. பச்சையைத் தொட்டேன்.

“ஏங்க, எங்க இருக்கீங்க? கார் நடு ரோட்ல நிக்குதுன்னு என் போன்ல காட்டுது. பேசுங்க...”

கார் முழுக்க அந்தக் குரல்தான். சுற்றி நின்றவர்களில் அது எனக்கு மட்டும்தான் புரிந்தது.

“அம்மா, பயப்படாதேங்கோ. நான் ஆம்புலன்சில இருந்து கதைக்கிறன். அவருக்குச் சுகர் இறங்கிட்டுது. மருந்து ஏத்துறம்.”

“அக்கா, ஆக்சிடென்ட்டா?”

“இல்லை. கார் தானா நிண்டுட்டுது.”

“கார் நின்னுடுச்சு... அவருக்கு?”

“மூச்சு நல்லா இருக்கு. முழிக்கப் போறார். கேட்டுக்கொண்டிருங்கோ.”

இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருந்தேன். சிறிது நேரத்தில் அவர் இமை அசைந்தது. “ஆபீஸ் வந்துடுச்சா?” என்றார். மறுமுனையில் அவர் மனைவி அழத் தொடங்கினாள். தீயணைப்பு வீரர் எதற்கோ திரும்பி நின்றுகொண்டார்.

ஆம்புலன்சில் அவர் கதை சொன்னார். வீடு நகரத்துக்கு வெளியே, புக்கெகோஹியில். தினமும் இவ்வளவு தூரம் ஓட்டி அலுத்துப்போய்த்தான் இந்தக் காரை வாங்கினாராம். மதியம் இன்சுலின் போட்டிருக்கிறார். மீட்டிங்கில் சாப்பாட்டை மறந்துவிட்டு, அடுத்த மீட்டிங்குக்காக இன்னொரு ஆபீசுக்குக் கிளம்பியிருக்கிறார். “கார் ஓட்டுதுல்ல, கொஞ்சம் கண்ண மூடலாம்னு நெனச்சேன்க்கா.” அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்தக் களைப்பு எனக்கும் தெரிந்ததுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் அவரை ஒப்படைக்க வெகுநேரம் காத்திருந்தபோது அவர் மனைவி ஓடிவந்தாள், பள்ளிச் சீருடையில் ஒரு மகளோடு. அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: “அக்கா, அந்தக் கார வச்சுக்கலாமா, வித்துடலாமா?”

அது இல்லாவிட்டால் அவர் எங்காவது மோதியிருப்பார். அதற்காக, கதவு திறக்காமல் நாங்கள் மழையில் தவித்ததைச் சொல்லாமல் விட முடியுமா?

“முதல்ல அவரை நேரத்துக்குச் சாப்பிட வையுங்கோ” என்றேன்.

வெளியே என் கூட்டாளி ஸ்ட்ரெச்சரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டேன். ஷிஃப்ட் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது.