புழு மருந்தும் என் வயிற்றுக் கலக்கமும்

புழு மருந்து கொடுத்து ஆடு பிழைத்தால் அது ஆட்டின் ஆயுசு. விழுந்தால் டாக்டரின் கைராசி. ஆட்டு டாக்டராக இருக்கிற சகோதர சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நுரை

ஏழாயிரம்பண்ணைக்கு நான் புதிது. பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் மாரீஸ்வரி, வேன் வருவதற்குள் தன் ஆட்டுக்கு அவசரமாக மருந்து ஊற்றியிருக்கிறார். ஆடு இளைத்திருந்ததால் புழு அதிகம் என்று நினைத்து இரண்டு மடங்கு. நான் போனபோது ஆடு வாயில் நுரை தள்ளி, கைகால் வெட்டிக்கொண்டு கிடந்தது. ஊசி போட்டு, தலையை மடியில் தாங்கி வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன். என் வெள்ளை பேன்ட் முழுக்க எச்சில். அந்த அம்மா கம்பெனிக்குப் போகவில்லை. எதிரே அழுதுகொண்டு நின்றார்.

மதியம் ஆடு துள்ளி எழுந்து வேலியோரம் மேயப் போய்விட்டது. எனக்குத்தான் இரண்டு காலும் மரத்துப்போய் எழ முடியவில்லை. மாரீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கை நீட்டினார்.

"ஆடு எந்திரிச்சிருச்சு சார். நீங்களும் எந்திரிங்க, பிடிச்சுக்கோங்க."

கிடாயின் கண்

சிவகாசியில் காகித வியாபாரம் செய்யும் பாய் ஒருவர், பக்ரீத் குர்பானிக்காக ஒரு கிடாயை வீட்டிலேயே வளர்த்தார். காலையில் அவர் மருந்து கொடுத்தது தெரியாமல் சாயங்காலம் அவர் மனைவியும் கொடுத்துவிட்டார். சில நாளில் கிடாய் சுவரில் முட்ட ஆரம்பித்தது. டார்ச் அடித்தேன், கண்ணுக்கு எதிரே கையை ஆட்டினேன். இமைக்கவில்லை. இவர்கள் கொடுத்தது வேறு வகைப் புழு மருந்து; அளவு மீறினால் பார்வை நரம்பைக் கெடுக்கும். போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. கண் தெரியாத கிடாய் குர்பானிக்கும் ஆகாது.

படித்ததையெல்லாம் தரையைப் பார்த்தபடி ஒப்பித்தேன். பாய் கிடாயின் முதுகைத் தடவிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் சொன்னார்:

"இது இருக்குற வரைக்கும் இங்கனயே இருக்கட்டும். கண்ணு போனது கிடாய்க்கு. நீங்க ஏன் சார் எங்க மூஞ்சியப் பாக்காமப் பேசுறீக?"

விசாரணை

அதன்பின் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எம். புதுப்பட்டியில் முனியாண்டியின் ஆட்டுக்கு மருந்து அளவு தப்பக் கூடாதென்று, அதை நானே தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, என் எடையைக் கழித்தேன். சில மருந்து இளஞ்சினையில் குட்டியைக் கெடுக்கும் என்பதால், சினையா, எப்போது கிடாயோடு சேர்ந்தது, போன ஈற்றில் குட்டி எப்படி என்று குடைந்தேன். அதற்குள் ஆடு என் சட்டைப் பொத்தானைத் தின்றுவிட்டது. முனியாண்டி தலையைச் சொறிந்தார்.

"எம்மகளைப் பொண்ணு பாக்க வந்தவுக கூட இம்புட்டு விசாரிக்கல சார்."

ஆட்டு வயிற்றுப் புழுவுக்கு மருந்து உண்டு. அதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபின் என் வயிற்றைக் கலக்குகிறதே, அதற்குத்தான் எந்தக் கம்பெனியும் இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.