நிற்கிற படம்

என் கால்கள் சிறுவயதிலிருந்தே நடந்ததில்லை. என்னைவிட இளையவனான என் நண்பனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது மோட்டார் சைக்கிள் விபத்தில். யாழ்ப்பாணத்தில் நான் கொக்குவிலில், அவன் புத்தூரில். இருவருமாக இணையத்தில் ஒரு பக்கம் நடத்தினோம். "அக்கா, நீங்கள் எழுதுங்கோ, நான் கதைக்கிறன்" என்பான். சக்கர நாற்காலியில் வாழ்பவருக்கு உதவக்கூடிய எதுவானாலும் போடுவோம். எந்தக் கடைக்குப் படியில்லை, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாறுவது, கண்ணாடியைப் பிடித்து முதுகில் புண் வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது. கனடாவிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கேள்விகள் வரும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். விசர்த்தனமாகக் கேட்பவர்களுக்குச் சுருக்கென்று பதில் போட்டுவிடுவேன். அவன் அதை அழித்துவிட்டுத் தன்மையாகச் சொல்லுவான்.

படுக்கைப்புண்ணைப் பற்றி அவனைப் போல விளக்கிச் சொன்னவர் எவருமில்லை. அவனுடைய உயிர் போனதும் படுக்கைப்புண்ணால்தான். வெங்காயம் கிண்டி எடுக்கிற காலம், வீட்டில் எல்லாரும் தோட்டத்தில். புரட்டிவிடச் சொல்லி அவன் யாரையும் கூப்பிடவில்லை. காய்ச்சல் வந்த பிறகுதான் தாய் சட்டையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் எடுத்தான்.

"ஏனடா ஒருத்தரையும் கூப்பிடேல்லை?" என்று கத்தினேன்.

"அவையள் களைச்சுப்போய் வருகினம் அக்கா. கரைச்சல் குடுக்க மனம் வரேல்லை."

ஊருக்கெல்லாம் வெட்கப்படாமல் கூப்பிடுங்கோ என்று சொன்னவன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவன் இறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு முன்பு அவனுடைய அண்ணை என்னைத் தேடி வந்தார். அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கல்வெட்டு கொடுப்பது எங்கள் வழக்கம். இறந்தவரின் படமும் வரலாறும் தேவாரங்களும் அச்சடித்த சிறு புத்தகம் அது. அதற்குப் படம் வேண்டுமாம். நாற்காலியில் இருந்து சிரிக்கிற படமொன்றைக் கொடுத்தேன்.

"இதையே போடுங்கோ அண்ணை. அவன் சொன்ன குறிப்புகளையும் கடைசியிலை போடவேணும்."

"ஓம் தங்கச்சி, போடுவம்."

அவன் இருந்தபடியே அவனை நாலு பேர் நினைத்துக்கொள்ள வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாளன்று ஆட்டோவில் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவன் போடுவித்த சாய்வுப் பலகையைப் பந்தல் வேலைக்குக் கழற்றியிருந்தார்கள். இரண்டு பேர் என்னை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். கல்வெட்டை வாங்கிப் பார்த்தேன். அட்டையில் அவன் பட்டுவேட்டி கட்டி, சால்வை போட்டு, நின்றுகொண்டிருந்தான். ஸ்ரூடியோக்காரர் முகத்தை வெட்டி வேறு யாருடையதோ உடம்பில் ஒட்டியிருந்தார். நல்ல உயரம். அண்ணையோடு சண்டை பிடிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் தாய் பக்கத்தில் வந்து இருந்து, அந்தக் கால்களை விரலால் தடவினார்.

"பாத்தியே பிள்ளை, எழும்பி நிக்கிறான்."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் அழுதோம்.

குறிப்புகள் தேவாரத்துக்குப் பின்னால், சின்ன எழுத்தில் இருந்தன. சாப்பிட்டு முடித்தவர்கள் அட்டையைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் புத்தகத்தைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தார்கள். ஒரு பெண் மட்டும் பந்தல் தூணோடு நின்று கடைசிப் பக்கத்தை வாசித்தார். அடுத்த வளவு வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர், யாரோடும் அவ்வளவாகப் பழகாதவர் என்று சொன்னார்கள். பிறகு என்னிடம் வந்து குனிந்தார்.

"உந்தக் கண்ணாடியை எப்பிடிப் பிடிக்கிறது? எங்கடை மூத்தவளும் படுத்த கிடையிலைதான். இளையவளுக்குச் சம்பந்தம் பேசிறம், அதாலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"பக்கத்து வீட்டிலை இருந்த அவனைக் கேட்டிருக்கலாமே?"

அவர் மதில் பக்கம் பார்த்தார். அந்த மதிலோரம் இருந்துதான் அவன் தன் வீடியோக்கள் எல்லாவற்றையும் எடுத்தான்.

"தம்பி கதைக்கிறது கேக்கும். யன்னலைத் திறந்துவிடம்மா எண்டு அவள் கெஞ்சுவாள். ஆரும் பாத்துப்போடுவினமெண்டு நான்தான் பூட்டி வைச்சிருந்தனான்."

நான் கைப்பைக்குள் கண்ணாடியைத் தேடினேன்.